சவரிமுத்துவின் ஒன்பது பேர்

போன வாரம் சந்தையில் மாம்பழம் வாங்கினேன். மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள். சாமி படங்களில் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் போடுவார்களே, அதை நறுக்கிக் கூடையில் அடுக்கியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“கார்பைடு கல்லு வச்சுப் பழுக்க வச்சதுங்க இது. ஐம்பது வயசாச்சு, அவ்வளவு புஸ்தகம் படிச்சாச்சு, ஒரு மாம்பழத்த மோந்து பாத்து வாங்கத் தெரியல.”

மோந்து பார்த்துத்தான் வாங்கினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஈரச் சுண்ணாம்பில் அழுகின பூண்டை நசுக்கிப் போட்டால் ஒரு வாடை வருமே, அது. மற்றவர்களுக்கு அது ஏமாந்து வாங்கிய மாம்பழத்தின் வாடை. எனக்கு அது ஒரு கவிஞரின் வாடை. கவிஞர்களுக்கென்று பொதுவாகச் சில வாசனைகள் உண்டு. வெற்றிலை, மூக்குப்பொடி, அப்புறம் அந்த நாளில் தஞ்சாவூர் ஜில்லாவில் தடை செய்யப்பட்டு எங்கள் காரைக்காலில் மட்டும் தாராளமாகக் கிடைத்த வேறொன்று. சவரிமுத்துவிடம் இந்த மூன்றும் கிடையாது. மைசூர்ச் சீமையில் ஒரு தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பாறை உடைத்துவிட்டு, நெஞ்சு நிறையத் தூசோடும் கையில் ஒரு பித்தளை விளக்கோடும் ஊர் திரும்பியவர் அவர். அந்த விளக்கில் கார்பைடு கல்லைப் போட்டு, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் வாயு கிளம்பி எரியும். தண்ணீரால் எரிகிற விளக்கு. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபோதும் எனக்குப் புரியவில்லை, சவரிமுத்து பற்றவைத்துக் காட்டியபோதும் புரியவில்லை. வாடை மட்டும் மூக்கில் தங்கிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் போவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் ஊருக்குள் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு மரைக்காயர். “எங்க பாட்டனாருங்க கப்பல் விட்டாங்க, நான் அச்சு மிஷின் விடுறேன், ரெண்டும் அடிக்கடி தரைதட்டுற தொழில்தான்” என்பார். அரசாங்க அறிவிப்புகள் பிரெஞ்சில் வரும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எழுத்தின் தலையில் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கொம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நகரசபையை நாங்கள் மேரி என்போம். இரண்டு வருஷத்தில் அந்த மேரியிலிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. அங்கே படித்தவர்களும் கொம்பைத்தான் பார்த்தார்கள் போலிருக்கிறது.

என் புகழெல்லாம் வாழ்த்து மடலில் இருந்தது. அந்த நாளில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் நண்பர்கள் ரோஸ் தாளில் ஒரு மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பந்தலில் உரக்கப் படித்துக் கொடுப்பார்கள். படித்து முடிகிறவரை சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். அம்பகரத்தூர் வரைக்கும் வீட்டுக் கூடங்களில் தொங்கிய மடல்களில் பாதி நான் எழுதியவை. எழுதியவை என்று பன்மையில் சொல்வதுகூடத் தப்பு. ஒரே மடல்தான். தென்றலும் தேனும் திங்களும் தீந்தமிழும் அச்சுக்கோத்தபடியே நூலால் கட்டிக் கிடக்கும். மணமக்கள் பெயரை மட்டும் உருவிவிட்டு வேறு பெயரைச் செருகுவோம். யார் பெயரும் பொருந்தும்படி எழுதுவதுதான் என் திறமை என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்தத் தமிழை நான் வாயிலும் பேசினேன். டீக்கடையில் “தேநீர் ஒன்று தருக” என்று கேட்டு, கடைக்காரர் “என்னா தம்பி, காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அச்சகத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கத்தான் சவரிமுத்து முதலில் வந்தார். காரைக்காலில் கல் கிடையாது. வண்டல், களிமண், மணல், அப்புறம் கடல். பாறையைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு மனிதர் பிழைக்க இதைவிடப் பொருத்தமில்லாத ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இங்கே பழைய சுண்ணாம்புச் சுவர்கள் இருந்தன. சுரங்கத்துக்குள் போனதும் முதல் வேலை, தலைக்கு மேலே இருக்கிற பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பதாம். ‘ணங்’ என்றால் அடியில் நிற்கலாம். ‘டொப்’ என்றால் ஓடிவிடவேண்டும். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் ஊருக்குள் சுவர் தட்டிப் பிழைத்தார். பூச்சு எங்கே உள்ளே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே சாக்குக்கட்டியால் வட்டம் போடுவார். கொத்தனாரும் அவரும் சேர்ந்து அந்த வட்டத்தை மட்டும் கொத்திப் பூசுவார்கள்.

அன்றைக்கு நான் ஒரு மடலை வாய்விட்டுப் படித்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கம்பிச் சத்தம் நின்றது.

“தம்பி, அத இன்னொருக்கா சொல்லுங்க.”

ரசிகர் கிடைத்துவிட்டார் என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“டொப்புங்குதே தம்பி.”

உள்ளறையிலிருந்து மரைக்காயர் சிரித்த சிரிப்பில் மிஷின் ஓட்டுகிறவர் மிஷினை நிறுத்திவிட்டார். “சவரி, அதச் சுத்தியும் ஒரு வட்டம் போட்டுட்டுப் போ!”

எனக்கு முகம் சிவந்தது. “நீங்க பாட்டு கட்டுவீங்களோ?” என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவர் சுவரைக் கம்பியால் தட்டிக்கொண்டே சொன்னார்:

கூண்டு எறங்குது கூண்டு எறங்குது
கும்புட்டுக்கடா மாரிமுத்து
மேல இருக்குற சூரியனுக்கு
சாயங்காலம் வரைக்கும் லீவு.

கூண்டு என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புப் பெட்டியாம். எனக்குப் பிடித்திருந்தது. பரவாயில்லை, திருத்தினால் தேறும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதில் இந்த உலகத்தைப் பற்றியே என் அபிப்பிராயம் அதுதான்.

அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். பாட்டெல்லாம் தலைக்குள் இருந்தது. அதில் ஒன்பது பாட்டை மட்டும் புத்தகமாகப் போடமுடியுமா என்று கேட்டார். ஏன் ஒன்பது என்றால், அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒரு நாள் இவருக்குக் காய்ச்சல் என்று மேலே இருந்துவிட்டார். அவர்கள் இறங்கினார்கள். பாறை தானாக வெடித்தது. யாரும் வெடி வைக்கவில்லை. அவ்வளவு ஆழத்தில் பாறைக்கே சில சமயம் பொறுக்காதாம். ஒன்பது பேரையும் வெளியே எடுக்க முடியவில்லை. அந்த வழியையே அடைத்துவிட்டார்கள்.

“அவங்க பொஞ்சாதிமாருக்குப் போய் நிக்க ஒரு கல்லறை கெடையாது தம்பி. கல்லறைத் திருநாளைக்கு அந்தச் சுரங்கத்து ஊருல எல்லாரும் மெழுகுத்திரி கொளுத்துவாங்க. இதுங்க திரிய வாங்கி வச்சுகிட்டு எங்க கொளுத்துறதுன்னு தெரியாம நிக்கும். மாரிமுத்து பொஞ்சாதியுந்தான் வந்து நிக்கும். ஆளுக்கொரு புஸ்தகம் கையில குடுத்துட்டா அதுக்கு முன்னால கொளுத்திக்கும்ல.”

கல்லறைத் திருநாளுக்கு அப்போது மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அடுத்த வருஷத் திருநாளைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் இருமுகிறபோது பக்கத்தில் நின்றவர்கள் யாரும் பேசமாட்டார்கள். மரைக்காயர் யோசிக்கவே இல்லை. “சுவர நீ பூசிக் குடு, புஸ்தகத்த நான் போட்டுத் தாரேன்.”

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொல்வார், நான் எழுதுவேன். வீணாய்ப்போன வாழ்த்து மடல்களின் பின்பக்கத்தில், பென்சிலால். அவர் மனைவி ஆரோக்கியம் ஊரை ஒட்டிய தருமபுரத்திலிருந்து கஞ்சித் தூக்கோடு நடந்து வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

“மண்ணுக்குள்ள இருந்த வரைக்கும் இந்த மனுசன் வாயத் தொறக்கல. வெளிய வந்ததுலேருந்து மூடல. எழுதிக்குங்க தம்பி. எழுதுனதையாவது எங்கிட்டத் திருப்பிச் சொல்லாம இருப்பாரு.”

“என் நெஞ்சுல கொஞ்சம் தங்கம் ஒட்டிகிட்டிருக்கு தம்பி. அதான் இவ கூட இருக்கா.”

“தங்கமா? நானுந்தான் தட்டிப் பாத்தேன். டொப்புன்னுச்சு.”

ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பெயர் வரும். அந்த ஆள் அன்றைக்குக் காலையில் மேலே எதை விட்டுவிட்டு இறங்கினார் என்பது வரும். அவ்வளவுதான் பாட்டு. தாவீது, கடிக்கிறது என்று புதுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். சின்னப்பன், பிறந்து மூன்று நாளான மகளுக்கு ஒரு பெயர் யோசித்திருந்தார், சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். ராயப்பனின் பாட்டு இது:

பீடியப் பாதியில அணைச்சான் ராயப்பன்
பத்திரமா கல்லு மேல வச்சான்
மீதியப் பத்தவைக்க வருவான் வருவான்னு
மேல கெடந்து நனையுது பீடி.

ஒன்பதையும் எழுதி முடித்தேன். அதற்குப் பிறகுதான் என் வேலையைத் தொடங்கினேன். இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும். அந்தக் காலத்து மேடைகளை நீங்கள் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்வீர்கள். பீடியைப் பற்றிக் கவிதையா? செருப்புக் கடியைப் பற்றியா? ஒன்பது பெயரில் ஒன்றுகூட எதுகைக்கு ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஒன்பது பாட்டையும் உருக்கி ஒரே காவியமாக வார்த்தேன்.

பொன்சுரக்கும் பூமகளின் பொலிவயிற்றில் புகுந்தவரே!
மின்சுரக்கும் விழிபடைத்த வீரத்தின் திருவுருவே!

இப்படியே பதினாறு பக்கம். அட்டையில் ‘சுரங்கக் கவிஞர் சவரிமுத்து’ என்று இருந்ததிலேயே பெரிய எழுத்தில் போட்டேன். அவரை ஏமாற்ற நினைத்ததாக எண்ணிவிடாதீர்கள். வெறும் உடம்போடு வந்தவருக்கு நல்ல சட்டையாகப் போட்டு அனுப்புவதாகத்தான் நினைத்தேன். அந்தச் சட்டைக்கு அளவெடுத்தது என் உடம்பில் என்பது அப்போது தெரியவில்லை.

அந்தப் பென்சில் தாள்களா? செப்பமாகப் படி எடுத்த பிறகு பழைய தாளுக்கு என்ன வேலை? அச்சகத்தில் வீணாகும் தாள் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும். மண்ணெண்ணெயில் நனைத்து, அச்செழுத்தில் ஒட்டின மையைத் துடைக்க. துடைக்கிற வேலை என்னுடையது.

புத்தகம் முடிந்து, கோத்த அச்செழுத்தையெல்லாம் பிரித்து அதனதன் பெட்டி அறைகளில் போட்டும் ஆயிற்று. சவரிமுத்துவும் அன்றைக்குத்தான் சுவரைப் பூசி முடித்திருந்தார். ஈரச் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சில் அவரும் ஆரோக்கியமும் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டு படித்தேன். முதல் பக்கத்துக்கு அவர் கம்பியின் நுனி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அது நின்றுவிட்டதை நான் கவனித்தேன், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எண்ணிக் குரலை இன்னும் உயர்த்தினேன். முடித்தபோது கம்பியைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

“ரொம்பப் பெரிய பாட்டா இருக்கு தம்பி,” என்றார். பிறகு, “நம்ம ஆளுங்க எங்க?”

“வீரர்னு வருதே அண்ணே. எல்லாரையும் சேத்துத்தான் அது.”

என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். “ராயப்பன் எந்தப் பக்கத்துல இருக்கான்? அவன் பொஞ்சாதிக்கும் படிக்கத் தெரியாது. இந்தா, இங்கதான் இருக்கான்னு வெரல வச்சுக் காட்டணும்ல.”

எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆரோக்கியம் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார். மரைக்காயர் எழுந்து வந்தார்.

“அந்த ரோஸ் தாளெல்லாம் எங்கடா?”

நான் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்கு அவர் கொடுத்த தண்டனைகளிலேயே மிகவும் கடினமானது அப்போது அவர் என்னைத் திட்டாமல் உள்ளே போனதுதான்.

திருநாளுக்கு இன்னும் ஐந்து நாள். மறுபடி சொல்லி, எழுதி, கோத்து, அச்சடித்து, எல்லைச் சுங்கச் சாவடியில் கட்டைப் பிரித்துக் காட்டி, ரயிலேற்றி அனுப்ப அது போதாது. அச்சடித்ததையே அனுப்பிவிடலாம், இன்னொன்று பிறகு போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“வேணாம் தம்பி. வெறுங்கையோட நின்னு பழக்கமானவங்கதான். வேற யாரு புஸ்தகத்தையோ வச்சுகிட்டு நிக்கவேணாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

கல்லறைத் திருநாள் அன்று நல்ல மழை. சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஊரே மெழுகுத்திரியோடு நின்றது, ஒரு திரியும் எரியவில்லை. உள்ளங்கையால் மூடி மூடிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். மதிலோரம், யாருடைய கல்லறையும் இல்லாத ஒரு மூலையில் சவரிமுத்து தன் பித்தளை விளக்கை வைத்திருந்தார். மழையில் அது சீறிக்கொண்டு எரிந்தது. கம்பியால் மதிலைத் தட்டி, மாரிமுத்துவில் தொடங்கி ஒவ்வொருவராகப் பாடினார். நடுநடுவே இருமினார். இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து பாடினார்.

கோயில்பிள்ளை குடையோடு வந்து கொஞ்ச நேரம் கேட்டார். பூசைக்கு மணி அடிப்பதும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. “ஏன் சவரி, காதரும் கருப்பண்ணனும் இங்க எப்படி வருவாங்க?”

“எறங்குறப்ப ஒரே கூண்டுலதாங்க எறங்குனாங்க. மேல வந்து பிரிஞ்சுக்கலாம்னு இருந்தாங்க. வரல.”

கோயில்பிள்ளை குடையை விளக்குக்கு மேலே பிடித்தார். தண்ணீரால் எரிகிற அந்த விளக்குக்குக் குடை தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாது. திரி பற்றாதவர்கள் ஒவ்வொருவராக வந்து அதிலிருந்து பற்றவைத்துக்கொண்டு போனார்கள்.

நான் வீட்டுக்கு ஓடி, ஈரத்தோடு உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது பெயரும் வந்தது. பாட்டு நாலுதான் முழுசாக வந்தது. மற்றதை நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன், ஆனால் அழுதுகொண்டும் நின்றேன், இரண்டு வேலையை ஒரே சமயத்தில் ஒழுங்காகச் செய்ய எனக்கு எப்போதுமே வந்ததில்லை. மறுநாள் போய், மறுபடி சொல்லுங்கள், ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன் என்றேன். “மழ விடட்டும் தம்பி,” என்றார். மழை விட்டது. இருமல் விடவில்லை. தை மாதம் அவரையும் அதே தோட்டத்தில்தான் வைத்தோம்.

படிப்பகத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அச்சகத்தில் கிடந்த பிரதிகள் அதற்குள் ஊருக்குள் பரவியிருந்தன. பேசியவர் எல்லாரும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் மேற்கோள் காட்டினார்கள். ‘பொன்சுரக்கும்’ என்று ஒருவர் தொடங்கியதும் கை தட்டினார்கள். உழைப்பாளியின் வாயில் இப்படியொரு தமிழா என்று வியந்தார்கள். நான் மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். துண்டைச் சரிசெய்துகொண்டேன். கூட்டம் கலைந்ததும் ஆரோக்கியம் என்னிடம் வந்தார்.

“பாட்டு நல்லா இருந்துச்சு தம்பி. யாரு கட்டுனது?”

என் எழுத்துக்கு இதுவரை வந்த விமரிசனங்களில் சரியானது அது ஒன்றுதான்.

இந்த மாதத் தொடக்கத்தில் நெரவியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சவரிமுத்துவின் கல்லறைக்கு ஒரு நல்ல கல் வைக்கப்போகிறார்களாம். அதில் வெட்ட அவருடைய கவிதையில் இரண்டு வரி தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், கவிஞரை நேரில் அறிந்தவன் என்ற முறையில் நான் பார்த்துச் சொல்லவேண்டுமாம். எந்த இரண்டு வரி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

“இது அவர் எழுதினதில்லப்பா. நான் எழுதினது.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதானால் இப்படியெல்லாம் உரிமை கொண்டாடத் தோன்றும் என்று நினைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்னதைவிட மோசமாகவே. அப்படியானால் அவருடைய வரியைச் சொல்லுங்கள் சார் என்றார்கள். ராயப்பனைச் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார். மற்றவர் தயங்கினார்.

“கல்லுல பீடின்னு வெட்டலாமா சார்?”

நல்ல பையன். எனக்கு அவனை அடையாளம் தெரிந்தது, இருபத்திரண்டு வயதில் நானும் அதையேதான் கேட்டேன். “வெட்டுங்க,” என்றேன். “மத்த எட்டு பாட்டும் குடுத்தீங்கன்னா எல்லாத்தையுமே போட்டுடலாம் சார், கல்லு பெருசுதான்,” என்றார் எழுதிக்கொண்டவர்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. சுவரெல்லாம் சிமெண்டு, எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். மரைக்காயரின் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஆரோக்கியம் மகளோடு சுரங்கத்து ஊருக்கே போய், அங்கேயே காலமானார். சுங்கச் சாவடி இல்லை. எழுத்தின் தலையில் கொம்பு தேட ஆள் இல்லை. வாழ்த்து மடலும் ஒழிந்தது, அதற்காக யாரும் துக்கம் கேட்டு வரவேண்டாம்.

மற்றபடி, போனது ஐந்து பாட்டு. காதர், ஞானமுத்து, பெரியசாமி, இன்னாசி, கருப்பண்ணன். நினைவிலிருந்த மற்ற மூன்று பாட்டோடு இந்தப் பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் கருப்பண்ணன் எதை மேலே வைத்துவிட்டு இறங்கினார் என்பது சவரிமுத்துவுக்குத் தெரியும். ஒரு பத்து நாள் எனக்கும் தெரிந்திருந்தது. பென்சிலில், தெளிவாக, என் கையெழுத்தில் இருந்தது. அதை வைத்து நான் யாருடைய கல்யாண மடலின் மையையோ துடைத்தேன்.